பிஸ்கட் கேட்கும் குட்டிக் கைகள்

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம். துணி காயப்போடும்போது கிளிப் விழுந்தால் ஓடிவந்து எடுத்துக் கொடுப்பாள். ஆசையாக ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் கொடுத்தேன். இப்போது கையில் டப்பா இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, கரூர்

பதில்: வினை பிஸ்கட்டில்தான். ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் துணி கிளிப்தான் வருகிறது! 18 மாதக் குழந்தைகளின் எதிரில் ஒருவர் துணி உலர்த்துகிறார். கிளிப் நழுவுகிறது, கையை நீட்டுகிறார், எட்டவில்லை. யாரும் ஏவாமலே பல குழந்தைகள் சில நொடிகளில் எடுத்துக் கொடுத்தன. அதே கிளிப்பை அவர் வேண்டுமென்றே வீசியபோது எடுக்க வந்தவை குறைவு. கீழே கிடக்கும் பொருளை அல்ல, அந்த ஆளின் அவஸ்தையைத்தான் பார்த்திருக்கின்றன.

2008-இல் அவர்களே 20 மாதக் குழந்தைகளுக்கு, உதவியதும் பரிசுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். பரிசு பெற்றவர்கள், எதுவுமே பெறாதவர்களைவிடப் பிற்பாடு குறைவாகவே உதவினார்கள். வாய்வார்த்தையாகப் பாராட்டியதில் அந்தக் கெடுதல் இல்லை.

டப்பாவை மாடிக்கு எடுத்துப் போகாதீர்கள். பிஸ்கட் சாயங்காலம், தின்பண்ட நேரத்தில் மட்டும். கிளிப் விழுந்தால் கையை நீட்டிவிட்டுப் பத்து நொடி சும்மா இருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது வேலை வாங்குவதாகிவிடும். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எடுத்துத் தந்தால் "அப்பாடா, இனி சட்டை பறக்காது" என்றால் போதும். வராவிட்டால் முகம் சுளிக்காமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கமான ஸ்பிரிங் கிளிப் விரலை நசுக்கும், அது மட்டும் வேண்டாம்.

கேள்வி: சின்னக் குழந்தையிடம் பெரியவர்கள் கற்க என்ன இருக்கிறது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1997-இல் பெட்டி ரெப்பச்சோலி, அலிசன் கோப்னிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று. எதிரே இருப்பவர் பிஸ்கட்டைச் சுவைத்து முகம் சுளிக்கிறார். பச்சைக் காலிஃபிளவர் போலிருக்கும் பிராக்கோலியை ரசித்துத் தின்கிறார். பிறகு கையை நீட்டுகிறார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகளோ பெரும்பாலும் அவருக்குப் பிடித்த பிராக்கோலியைக் கொடுத்தன.

ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிப் போகும் நாம் இன்னும் 14 மாதத்தில்தான் நிற்கிறோம். படுத்திருப்பவருக்குச் சர்க்கரையாக இருக்கலாம். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பவரிடம், "ரெண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.