‘நான் பேசுவது கேட்கிறதா?’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் மாதம் ஒருமுறை ஜூம் வழியாக நடைபெறுகிறது. செயலாளராகிய நான் பேசத் தொடங்கினால் சில மாதங்களில் ‘கேட்கவில்லை’ என்கிறார்கள். சில மாதங்களில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். புதிதாக வாங்கிய புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு மிகத் தெளிவாகக் கேட்கிறது. பிறகு ஏன் இந்தத் தொல்லை?
— வாசகர், மதுரை

பதில்: பாட்டு தெளிவாகக் கேட்பதால் ஹெட்செட்டின் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே தெரிகிறது, மைக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உங்கள் மடிக்கணினிக்குள் ஒரு மைக் இருக்கும், ஹெட்செட்டில் இன்னொன்று இருக்கும், தனியாக வெப்கேமரா வைத்திருந்தால் அதிலும் ஒன்று இருக்கும். இவற்றுள் எதை ஜூம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒலி அமைப்புகளில் உள்ள பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் அறிய முடியும். ‘கேட்கவில்லை’ என்ற புகார்களில் பெரும்பகுதி தவறான மைக் தேர்வாகி இருப்பதாலோ, மைக்கைப் பயன்படுத்தும் அனுமதி மறுக்கப்பட்டிருப்பதாலோ வருவது என்பது என் அனுபவம். ஹெட்செட் அதே நேரத்தில் உங்கள் கைப்பேசியோடும் இணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் வேறு. பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்டுகள், மைக் இயங்கத் தொடங்கியவுடன் பாட்டுக்கான முறையைக் கைவிட்டுத் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுகின்றன. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது என்றால், அழைப்பு முறையில் அது 16,000 அல்லது வெறும் 8,000 முறையே அளக்கப்படுகிறது. 8,000 என்றால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு) மேற்பட்ட ஒலி எதுவும் போய்ச் சேராது. ‘ஸ’ போன்ற ஒலிகளின் கூர்மை பெரிதும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மைக்காக மடிக்கணினியில் உள்ளதையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அறை அமைதியாக இருந்தால் குரல் தெளிவடையும்.

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு ஜூமின் ஒலி அமைப்புகளில் உள்ள மைக் சோதனையை நடத்துங்கள். நீங்கள் பேசியதை அது உங்களுக்கே திருப்பி ஒலிக்கச் செய்யும். மைக்கின் பச்சைக் கோடு துள்ளுவதைப் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள்; கிணற்றுக் குரலுக்கும் அந்தக் கோடு துள்ளத்தான் செய்யும்.

கேள்வி: நான் வாய்ப்பாட்டு ஆசிரியை. வெளியூர் மாணவிகளுக்கு இணையவழியில் வகுப்பு எடுக்கிறேன். என் குரல் நன்றாகக் கேட்கிறதாம்; ஆனால் சுருதிப்பெட்டியின் ஒலி சில நொடிகளில் மறைந்துவிடுகிறது என்றும், நீண்ட கார்வைகள் (ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பவை) நடுவில் தேய்ந்துவிடுகின்றன என்றும் சொல்கிறார்கள். வகுப்புக்கு முன்பு பேசிச் சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லையே?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பேசிச் சோதித்ததால்தான் அம்மா, குறை தெரியவில்லை. இந்தச் செயலிகள் மனிதப் பேச்சை வைத்து வடிவமைக்கப்பட்டவை. ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராகத் தொடரும் எந்த ஒலியையும் அவை மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி வகையறா இரைச்சலாகக் கருதி அடக்கிவிடுகின்றன. இடைவிடாமல் ஒரே நிலையில் நிற்பதுதானே சுருதியின் இலக்கணம்! நமக்கு ஆதாரமானது அந்தச் செயலிக்குக் குப்பையாகிவிடுகிறது. அசையாமல் நிற்கும் கார்வைக்கும் அதே கதிதான்.

ஜூமில் இதற்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்ற தேர்வு ஒலி அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கினால் இரைச்சல் நீக்கம் விலகிவிடும். வகுப்புக்குள் நுழைந்தபின்பும் அது இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் தாரஸ்தாயியில் நீங்கள் குரலை உயர்த்தும்போது அது ஒலியைத் தாழ்த்திவிடும். இந்தத் தேர்வுக்குள்ளேயே எதிரொலி நீக்கத்தையும் நிறுத்த முடியும். ஆனால் அதை நிறுத்தினால் கம்பி வழி ஹெட்போன் கட்டாயம் தேவை; ஸ்பீக்கரில் கேட்டால் மாணவியின் குரல் உங்கள் மைக் வழியாக அவளிடமே திரும்பிப் போகும்.

உங்கள் கைப்பேசியிலிருந்து இன்னொரு பெயரில் அதே வகுப்பில் சேர்ந்து, கைப்பேசியின் மைக்கை அணைத்துவிட்டு, அதை வேறு அறையில் இருக்கும் வீட்டார் ஒருவரிடம் காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சுருதியை ஒலிக்கவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை நின்று பாடுங்கள். சுருதி கரையாமல் நின்றால் வகுப்பைத் தொடங்கலாம். அப்படி நின்றாலும், மாணவி தன் வீட்டில் தனியாக ஒரு சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் பாட வேண்டும். இணையத்தில் ஒலி சென்றுசேரும் தாமதத்தால் நீங்கள் இருவரும் சேர்ந்து பாடினால் தாளம் ஒன்றாது. எனவே நீங்கள் பாடி நிறுத்தியபின் அவள் திரும்பப் பாடுவதாகவே பாடத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.