மர வளையங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வளையங்களை எண்ணினால் மரத்தின் வயது தெரியும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. இதைப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் படிக்க என்ன இருக்கிறது?

பதில்: எண்ணுவது எளிது, எண்ணிக் கிடைத்த தொகை சரிதானா என்று உறுதிசெய்வதில்தான் படிப்பே தொடங்குகிறது. கடும் வறட்சி நேர்ந்த ஆண்டில் தண்டின் சில பகுதிகளில் வளையமே உருவாகாமல் போகலாம். வளர்பருவத்தின் நடுவில் மண் காய்ந்து, பிறகு மழை பெய்து வளர்ச்சி மீண்டால், ஓராண்டுக்குள்ளேயே இரண்டு வளையங்கள் இருப்பது போன்ற தோற்றம் ஏற்படலாம். ஆகவே, ஒரே வட்டாரத்து மரங்கள் பலவற்றில் அகன்ற வளையங்களும் ஒடுங்கிய வளையங்களும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய ஆண்டைக் குறிக்க மாணவர்கள் பழகுகிறார்கள்.

இந்த முறையை வளர்த்தெடுத்த ஏ.ஈ. டக்ளஸ் தாவரவியலாளர் அல்லர். சூரியப் புள்ளிகளின் சுழற்சிக்கும் வானிலைக்கும் உள்ள தொடர்பைத் தேடி மரங்களிடம் வந்த வானியலாளர். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களைப் பழைய உத்தரம் ஒன்றின் வெளிவளையங்களோடும், அந்த உத்தரத்தை அதனினும் பழையதோடும் பொருத்திக்கொண்டே சென்று, அமெரிக்கத் தென்மேற்கிலுள்ள பியூப்லோ எனப்படும் பூர்வகுடிகளின் பழைய குடியிருப்புகளின் காலத்தை 1929இல் அவர் கணித்தார். 1937இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய மர வளைய ஆய்வகம் இன்றும் மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது.

கேள்வி: ஆய்வுக்காக மரங்களை வெட்டியாக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. உள்ளீடற்ற துளைக்கருவியைக் கையால் திருகித் தண்டின் மையம் நோக்கிச் செலுத்தி, பென்சிலைவிட மெல்லிய மரக்குச்சி ஒன்றை உருவி எடுக்கிறார்கள். அதைப் பள்ளமிட்ட கட்டையில் ஒட்டி, மேலும் மேலும் நுண்மையான உப்புத்தாள்களால் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் அளக்கிறார்கள். (தேய்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இத்துறை ஒத்துவராது.) ஊசியிலை மரங்கள் துளையைப் பிசினால் அடைத்துக்கொள்கின்றன, அகன்ற இலை மரங்கள் சிலவற்றில் துளையைச் சுற்றி அழுகல் பரவுவதுண்டு என்பதால், தீங்கே இல்லை என்பது மிகை. 1964இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஆய்வு மாணவர் ஒருவருக்காக, வனத்துறையின் அனுமதியோடு வெட்டப்பட்ட பிரிசில்கோன் பைன் மரம் ஒன்றில் 4,800க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. அனுமதி இருந்தது என்பதால் அந்த இழப்பு சிறிதாகிவிடாது.

கேள்வி: இத்துறையில் மாணவர்களால் புதிதாக எதையேனும் கண்டறிய இயலுமா?

பதில்: இயலும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஃபுசா மியாகேயும் அவருடைய குழுவினரும், யாகு தீவின் பழைய ‘சீடர்’ (cedar) என்னும் ஊசியிலை மரத்தின் வளையங்களில் கி.பி. 774க்கும் 775க்கும் இடையே கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு சுமார் 1.2 விழுக்காடு திடீரென்று உயர்ந்திருந்ததை 2012இல் வெளியிட்டார்கள். சூரியனிலிருந்து பீறிட்ட துகள்களே அதற்குக் காரணம் என்பது இன்று பெரும்பாலோரின் கருத்து. இதே போன்ற உயர்வு 993ஆம் ஆண்டையொட்டியும் காணப்பட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நோர்ஸ் மக்கள் (வட ஐரோப்பாவிலிருந்து வந்த வைகிங் காலத்தவர்) உலோகக் கருவிகளால் வெட்டிய மரத்துண்டுகளில் இந்த 993ஆம் ஆண்டின் தடயம் பதிந்த வளையத்தை அடையாளம் கண்டு, அங்கிருந்து பட்டை வரை எண்ணியதில், அவை 1021இல் வெட்டப்பட்டவை என்று 2021இல் தெரியவந்தது.

கேள்வி: குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலத்தில் இந்தப் படிப்பு பயன்படுமா?

பதில்: மரத்தைப் பொறுத்தது. வளர்ச்சியை ஆண்டுதோறும் நிறுத்திவைக்க வறண்ட பருவமும் போதும். அப்பருவத்தில் இலையுதிர்க்கும் தேக்கில் வளையங்கள் தெளிவாகவே தெரிவதால், பழைய பருவமழையின் ஏற்றத்தாழ்வுகளை அறிய அது பயன்படுகிறது. ஆண்டு முழுவதும் மழை பெறும் பசுமைமாறாக் காடுகளின் மரங்கள் பலவற்றில் அத்தகைய தெளிவு கிடைப்பதில்லை.