கம்பெனி முகவரி மாறினால் சங்கம் என்னாகும்?

கேள்வி: எங்கள் தொழிற்சாலை ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது. கம்பெனியின் பதிவு அலுவலகத்தைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றுகிறார்கள். இனி எங்களுக்குக் கர்நாடகச் சட்டமா? (ஓசூர் வாசகர்)

பதில்: இல்லை. மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டுவது கம்பெனியின் முகவரிதான், உங்கள் மெஷின் அல்ல. கம்பெனிச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. தொழிலாளர் சட்டம் பொதுப் பட்டியலில் வருவதால் மாநிலமும் கைவைக்கலாம். ஆனால் வேலை நடக்கும் இடத்தை வைத்துத்தான் அது பொருந்தும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பெங்களூரை அல்ல, கோட்டையை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில்தான் நிறைவேறியது. சங்கங்கள் கொதித்த பிறகே திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று. மாநிலம் விட்டு மாநிலம் பதிவு அலுவலகத்தை மாற்றும்போது, அதன் காரணமாக யாரையும் ஆட்குறைப்பு செய்ய மாட்டோம் என்று இயக்குநர்கள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அதன் நகலைச் சங்கம் கேட்கட்டும்.

கேள்வி: அமெரிக்கக் கம்பெனிகள் டெலவேரை விட்டு டெக்சஸுக்குப் போகின்றனவாம். அங்கே சங்கங்களுக்கு என்ன நஷ்டம்? (தர்மபுரி வாசகர்)

பதில்: அங்கே கதை தலைகீழ். கம்பெனிச் சட்டம் மாநிலங்களின் கையில். தனியார் துறையில் சங்கம் சேரும் உரிமையோ 1935-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில். 2024-ல் டெஸ்லா பதிவை டெக்சஸுக்கு மாற்றியபோது அந்த உரிமை மாறவில்லை. அடி வேறு பக்கம் விழுகிறது. தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிகள் பங்கு வாங்கி வைத்து, நிர்வாகம் தப்பு செய்தால் கம்பெனி சார்பில் வழக்குப் போடுவது வழக்கம். அதிகபட்சம் 3 சதவீதம் வரை ஒரு வரம்பு வைத்து, குறைந்தது அந்த அளவு பங்கு இருந்தால்தான் அப்படி வழக்குப் போடலாம் என்று பட்டியலிட்ட கம்பெனிகள் விதி வைத்துக்கொள்ள டெக்சஸ் 2025-ல் அனுமதித்தது. டெஸ்லா அளவு கம்பெனியில் 3 சதவீதத்துக்கு எந்த நிதி எங்கே போகும்?

கேள்வி: யூனிட்டை விற்றுவிட்டார்கள். என் 11 வருஷ சர்வீஸ் போச்சா? (பர்கூர் வாசகர்)

பதில்: பங்கு மட்டும் கைமாறியிருந்தால் முதலாளி அதே கம்பெனிதான், கவலை வேண்டாம். யூனிட்டையே விற்றிருந்தால் மூன்றைப் பாருங்கள்: வேலை தடைபடக் கூடாது, சம்பளமும் நிபந்தனைகளும் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் அந்த 11 வருஷத்தையும் சேர்த்தே புது முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். ஒன்று தவறினாலும் ஆட்குறைப்புக்கு உரிய நஷ்டஈடு உங்களுக்கு உண்டு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. "சும்மா ஃபார்மாலிட்டி" என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கம்பெனி பெயர் மாறியது. சங்கத்தை மறுபடி பதிய வேண்டுமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: வேண்டாம். பழைய ஊதிய ஒப்பந்தமும் செல்லும்.