‘ஃபார்மால்டிஹைட் ஃப்ரீ’ பெட்டியை நம்பலாமா?

முடியை நேராக்கும் ரசாயன சிகிச்சைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குச் சரும மருத்துவர் ஒருவரும் நுகர்வோர் வழக்கறிஞர் ஒருவரும் தரும் பதில்கள்.

கே: பார்லரில் கெரட்டின் செய்தார்கள். அயர்ன் வைத்ததுமே கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ‘இதுல ஃபார்மால்டிஹைடே கிடையாது மேடம்’ என்று பெட்டியைக் காட்டினார்கள். உண்மையா?
— வாசகி, திருப்பூர்

ப: பெட்டியைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். மீனில் ஃபார்மலின் (தண்ணீரில் கரைத்த ஃபார்மால்டிஹைட்) கலக்கிறார்கள் என்று 2018-ல் சென்னையே மீன் வாங்கத் தயங்கியதே, அந்தச் சரக்குதான் இங்கேயும். ஃபார்மால்டிஹைட் வாயு தண்ணீரில் கரைந்ததும் மெத்திலீன் கிளைக்கால் ஆகிவிடும். அந்த இரண்டாவது பெயரை மட்டும் அச்சடித்துவிட்டு ‘ஃப்ரீ’ என்று விற்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். 230 டிகிரி அயர்ன் பட்டதும் தண்ணீர் ஆவியாகும், வாயு மறுபடி வெளியே வந்துவிடும். உங்கள் கண் எரிந்தது அப்போதுதான்.

அமெரிக்காவில் இது அம்பலமானது 2010-ல். ‘பிரேசிலியன் புளோஅவுட்’ என்ற சரக்கைப் பூசும்போது கண்ணும் மூக்கும் எரிகிறது என்று சலூன்களிலிருந்து புகார் போக, ஓரிகான் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை மாதிரிகளைச் சோதித்தது. ‘இல்லவே இல்லை’ என்று அச்சிட்ட புட்டிகளில் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் ஃபார்மால்டிஹைட் இருந்தது. 2012-ல் அந்த நிறுவனம் கலிஃபோர்னியா அரசுடன் 6 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

இப்போது வரும் பல பெட்டிகளில் ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாகக் கிளையாக்ஸிலிக் ஆசிட் இருக்கிறது. அது வேறு தலைவலி. உச்சந்தலை வழியாக உள்ளே போனால் உடல் அதை ஆக்ஸலேட்டாக மாற்றுகிறது. ஆக்ஸலேட் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். 2024-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில் 26 வயதுப் பெண் ஒருவர்: 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கினார், மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தடவிய க்ரீமில் இந்த ஆசிட் 10 சதவீதம். இஸ்ரேலிலும் 2019 முதல் 2022 வரை 26 பேருக்கு இதே கதை.

ஆகவே பெட்டியின் பின்புறம் நான்கு பெயர்களைத் தேடுங்கள்: ஃபார்மால்டிஹைட், ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், கிளையாக்ஸிலிக் ஆசிட். அடுத்த சில நாட்களில் வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைவு என்று வந்தால், ‘முடிக்கு ட்ரீட்மென்ட் பண்ணினேன்’ என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ‘சாப்பாடு ஒத்துக்கலை’ என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள்.

கே: ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் என்று வீடியோ சுற்றுகிறது. ஐந்து வருடத்தில் மூன்று முறை ரீபாண்டிங் செய்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

ப: அந்த வீடியோவுக்கு ஆதாரம் 2022 அக்டோபரில் வெளிவந்த அமெரிக்க அரசு ஆய்வு. 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கண்காணித்ததில் 378 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தது. நேராக்கும் சரக்கை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் இந்த நோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05. ‘இரண்டு மடங்குக்கு மேல்’ என்று கேட்டால் நெஞ்சு திக்கென்கிறது. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேர் நான்கு பேர் ஆகிறார்கள் என்று பார்த்தால் அளவு புரியும். சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை.

இதில் ‘அடிக்கடி’ என்றால் ஒரே ஆண்டில் நான்கு முறைக்கு மேல். நீங்கள் ஐந்து ஆண்டில் மூன்று முறை. தவிர, அங்கே பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் கறுப்பினப் பெண்கள். அவர்களிடையே பரவலாக இருப்பது ரிலாக்ஸர். அது சோடியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது காஸ்டிக் சோடா. அல்லது அதன் பங்காளிகளான கால்சியம், லித்தியம் ஹைட்ராக்ஸைடுகள். ஒவ்வொரு முறை வேர் வளரும்போதும், சிறு வயதிலிருந்தே தடவிக்கொள்வார்கள். உங்களுக்குச் செய்த ரீபாண்டிங்கில் அமோனியம் தயோகிளைக்கோலேட் முடியின் கந்தகப் பிணைப்பை உடைக்கும், ஹைட்ரஜன் பெராக்ஸைடு மறுபடி ஒட்டும். வேதியியலே வேறு. ஆய்வில் எந்த பிராண்ட், எந்த ரசாயனம் என்று பிரித்துக் கேட்கவில்லை என்பதால், ரீபாண்டிங்குக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தவும் முடியாது, ஆபத்தே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

இடைவெளியைக் கூட்டுங்கள், புதிதாக வளர்ந்த வேருக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்று வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இது முடியைத் தொடாதவர்களுக்கும் பொருந்தும்.

கே: கர்ப்பமாக இருக்கும்போது செய்யலாமா?
— வாசகி, கரூர்

ப: தள்ளிப்போடுங்கள். வளைகாப்புக்குச் சுருள் முடியும் அழகுதான்.

கே: ஹூஸ்டனில் இருக்கும் அக்காவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். ‘ஹேர் ரிலாக்ஸர் வழக்கில் சேருங்கள்’ என்று வக்கீல் விளம்பரங்கள் வருகின்றன. சேரலாமா?
— வாசகர், திருச்சி

ப: முதலில், அக்கா பயன்படுத்தியது ரிலாக்ஸரா என்று கேளுங்கள். வழக்கு அதைப் பற்றியதுதான். ஆய்வு வெளியான சில நாட்களிலேயே முதல் வழக்கு பதிவானது. 2023 பிப்ரவரியில் நாடெங்கும் இருந்த வழக்குகளைச் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். இப்படிச் சேர்த்த தொகுப்பின் எண் எம்.டி.எல். 3060; ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கிறார்கள். லோரியல், ரெவ்லான் பெயர்களோடு நம் ஊர் டாபர், கோத்ரெஜ் குழுமங்களின் வெளிநாட்டுத் துணை நிறுவனங்களும் பிரதிவாதிகள். (ஆப்பிரிக்க முடிப் பராமரிப்புச் சந்தையில் இவ்விரு குழுமங்களும் கம்பெனிகளை வாங்கிப்போட்டதன் விளைவு.) குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று டாபர் மறுத்திருக்கிறது.

ஒரே நீதிபதியிடம் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனி வழக்கு. அக்கா காட்டவேண்டியவை: எந்த பிராண்ட், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, சலூன் ரசீது, கார்டு ஸ்டேட்மென்ட், பழைய புகைப்படம், புற்றுநோயை உறுதிசெய்த பயாப்ஸி அறிக்கை. காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் இதை ஆறப்போடக்கூடாது. வக்கீல் கட்டணம் பெரும்பாலும் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 சதவீதம். மருத்துவ அறிக்கை நகல், சாட்சி நிபுணர் செலவெல்லாம் அதற்கு மேலா, அதற்குள்ளா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டு போனில் வருபவரை அப்படியே துண்டித்துவிடலாம்.

கே: இரண்டு நாற்காலி பார்லர் நடத்துகிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, மாஸ்க் போடுகிறோம். போதாதா?
— வாசகி, வேலூர்

ப: ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும், ஃபார்மால்டிஹைடும் அதோடு சுற்றும். எக்ஸாஸ்ட் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறக்காவிட்டால் உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் சும்மா இறக்கையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஃபேன் நாற்காலிக்கு அருகில், புகை உங்கள் முகத்தைக் கடக்காத பக்கத்தில் இருக்கட்டும். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்-95 எதுவுமே வாயுவை நிறுத்தாது. அவை தூசுக்கும் துளிக்கும்தான். அமெரிக்காவில் தொழிலாளர்களுக்கான வரம்பு 8 மணி நேரச் சராசரி 0.75 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்), 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வருவார், நீங்கள் தினமும் அங்கேயே நிற்கிறீர்கள். பொருட்பட்டியல், தயாரிப்பாளர் பெயர், உரிம எண் அல்லது இறக்குமதிப் பதிவு எண் இல்லாத சரக்கை வாங்காதீர்கள்.

வேலைக்கு முன் ஒரு முடியை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு, திரும்பாமல் அறுந்தால் அந்தத் தலை ஏற்கெனவே வெந்தது. ரிலாக்ஸர் போட்ட தலையில் தயோ (ரீபாண்டிங்கின் தயோகிளைக்கோலேட்) போடவே கூடாது. கொத்தாகக் கையோடு வரும்.

கே: பார்லரில் தலை வெந்து புண்ணாகிவிட்டது. நஷ்டஈடு கேட்க முடியுமா?
— வாசகி, மதுரை

ப: முடியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை தந்தவர், தயாரித்தவர் இருவரையும் சேர்க்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் பொறுப்பு.

தொகையை மட்டும் வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். டெல்லி நட்சத்திர ஓட்டல் சலூன் ஒன்றில் முடி வெட்டியது கெட்டுப்போனதாகவும் சிகிச்சையில் தலை எரிந்ததாகவும் ஒரு பெண் தொடர்ந்த வழக்கில், தேசிய ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் தரச் சொன்னது. ஆதாரம் இல்லாமல் இழப்பீட்டைக் கணக்கிட முடியாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்துசெய்து திருப்பி அனுப்பியது. எனவே இன்றே பில்லை எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பார்லருக்கு வாட்ஸ்அப்பில் தேதி, சிகிச்சை, தொகை எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். பூசிய புட்டியின் முன்னும் பின்னும் படம். புண்ணை முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுங்கள். சரும மருத்துவர் சீட்டில் ‘ரசாயனத் தீப்புண்’ என்று காரணத்தோடு எழுதித் தரக் கேளுங்கள்; ‘அலர்ஜி’ என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.