பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பழைய டேப் டெக் வாங்க நினைக்கிறேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? பழுது என்றால் நானே சரிசெய்ய முடியுமா?

முடியும். பழைய டெக்குகளைப் பிரித்துப் பூட்டுவது என் பொழுதுபோக்கு. அவற்றில் கெட்டுப்போவதில் முக்கால்வாசி ரப்பரும் கிரீஸும்தான். அதைச் சரிசெய்ய எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். மிச்சக் கால்வாசியில் மாட்டினால்தான் சிக்கல்.

விற்பவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "பவர் ஆன் ஆகுது, பெல்ட் மட்டும் மாத்தினா போதும்." பெல்ட் போன டெக்கில் கேசட் ஓடாது. ஓடாத டெக்கில் கியர் உடைந்திருக்கிறதா, ஒரு பக்கச் சேனல் செத்துவிட்டதா என்று அவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டதை உதிரிபாக விலைக்குக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பிராண்டையும் ஆடுகிற மீட்டரையும் பார்த்து மயங்காமல், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைப் பாருங்கள். கதவைத் திறந்து டார்ச் அடித்து, நாடா உரசும் முகத்தில் மேலிருந்து கீழாக நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நாடாவின் அகலம் 3.81 மி.மீ. அந்த அகலத்துக்குப் பள்ளம் விழுந்து ஓரத்தில் நகம் தட்டினால் ஹெட் நன்றாகத் தேய்ந்துவிட்டது. மாற்று ஹெட் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு டெக்கைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் டெக் ஒற்றைக் கேசட் போடுவதாக, ஆட்டோ ரிவர்ஸ் (கேசட்டைத் திருப்பாமலே மறுபக்கத்தை ஓட்டும் வசதி) இல்லாததாக, இரண்டு ஹெட் (அழிக்க ஒன்று, பதியவும் கேட்கவும் ஒன்று) உள்ளதாக இருக்கட்டும். 1982-இல் வந்த நாகமிச்சி டிராகன் ஓடும்போதே ஹெட்டின் கோணத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் அற்புதம்தான், ஆனால் முதன்முறை ஸ்க்ரூடிரைவர் எடுப்பவருக்கு அது வேண்டாம். பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்தவை 100 வோல்ட். அதை 230-இல் செருகினால் உள்ளே புகைதான்.

சோதிக்கப் போகும்போது போனால் வருத்தப்படாத ஒரு கேசட்டை எடுத்துப்போங்கள். கேப்ஸ்டன் என்கிற மெல்லிய தண்டும் அதோடு அழுந்தும் ரப்பர் பிஞ்ச் ரோலரும் நாடாவை நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் இழுத்துத் தள்ளுகின்றன. வந்ததைச் சுற்றிக்கொள்வது வலப்பக்கச் சக்கரத்தின் வேலை. அதைத் திருப்பும் ஐட்லர் ரப்பர் வழுக்கினால் நாடா போக இடமில்லாமல் ரோலரிலேயே சுற்றிக்கொள்ளும். 'டெக் டேப்பைத் தின்னுடுச்சு' என்பது பெரும்பாலும் இதுதான். அதனால் பிளேயில் போட்டு வலப்பக்கச் சக்கரம் தயங்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். நீண்ட கார்வை உள்ள இசை இருந்தால் இன்னும் நல்லது, குரல் அலைபாய்ந்தால் உடனே காதுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு திருகுக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். பெல்ட் வெறுமனே தளர்ந்திருந்தால் உங்களுக்கு யோகம். சிலவற்றில் அது தாராக உருகி, கேப்ஸ்டன் தண்டோடு சேர்ந்த ஃபிளைவீல் என்கிற கனத்த சக்கரத்தின் விளிம்பில் அப்பியிருக்கும். விரலில் ஒட்டினால் சோப்புக்கெல்லாம் அசையாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்துக்கொண்டே இருங்கள். பட்ஸ் வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள், மோட்டார் புல்லியின் பள்ளத்தில் துளி மிச்சமிருந்தாலும் புதுப் பெல்ட் அதில் குதித்துக் குதித்து ஓடும். ஃபிளைவீலை உருவும்போது தண்டில் கோத்திருக்கும் குட்டி வாஷர் தெறித்து ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டுமுன் பேரிங்கில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தண்டின் வெளிப்பகுதியில் எண்ணெய் துளியும் இருக்கக் கூடாது. எதற்கெடுத்தாலும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிப்பவரை டெக் பக்கமே விடாதீர்கள்.

பட்டனை அழுத்தினால் 'டக்' என்று மட்டும் கேட்டு ஹெட் மேலே வரவில்லையா? பழைய கிரீஸ் இறுகிப் பசையாகியிருக்கலாம். துடைத்துவிட்டுப் புதிது தடவுங்கள். ஒரு பக்கம் கரகரத்தாலோ வந்து வந்து போனாலோ ரெக்கார்டு-பிளே ஸ்விட்சைச் சந்தேகியுங்கள். காண்டாக்ட் கிளீனர் விட்டுப் பலமுறை இழுத்துத் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெல்ட் மாற்றிய பிறகு வேகத்தைச் சரிபார்க்காமல் பதிவு செய்யாதீர்கள். 3% கூடினாலே பாட்டின் சுருதி ஏறத்தாழக் கால் சுரம் ஏறிவிடும். 3150 ஹெர்ட்ஸ் சோதனை கேசட் ஒன்றை ஓடவிட்டு, போனில் அலைவெண் காட்டும் செயலியைப் பாருங்கள். டெக் கொஞ்ச நேரம் ஓடிச் சூடான பிறகு பார்ப்பது நல்லது. பல மோட்டார்களின் முதுகில் சிறு துளை இருக்கும், உள்ளே உள்ள திருகை மயிரிழை அளவு திருப்பினால் போதும்.

ஹெட்டின் சாய்வைத் திருத்தும் அசிமத் திருகைத் தொடவே கூடாது என்பார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு அந்த விதியை நான் மதிப்பதில்லை. உங்கள் கேசட் எந்தக் கோணல் டெக்கில் பதிவானதோ, அந்தக் கோணலுக்கு இந்த ஹெட்டும் வந்தால்தான் ஒலி தெளியும். முதலில் திருகின் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோனோவில் கேட்டபடி, 'ஸ்' சத்தம் எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். இதைச் செய்யும்போது, நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி ஆஃபிலேயே இருக்கட்டும். மேல் ஒலி மங்கியிருக்கும்போது போட்டால் டால்பி அதை இன்னும் மங்கடித்துவிடும். திருகைச் சரியாக வைத்த பிறகு, டால்பியில் பதிவான கேசட்டுக்கு மட்டும் போடுங்கள்.