பெட்டிக் கதைக்கு அப்புறம்

ஐயா,

தொழில் யோசனையோடு வருகிறவர்களிடம் பணக்காரர்கள் பேரம் பேசி முதலீடு செய்யும் அமெரிக்க டிவி நிகழ்ச்சி 'ஷார்க் டேங்க்'. என் மகன் அதை விடாமல் பார்க்கிறான். அதில் முதலீட்டாளராக வரும் ராபர்ட் ஹெர்ஜாவெக் 20 டாலரோடு கனடாவுக்கு வந்து கோடீஸ்வரர் ஆனவராம். அவரைக் காட்டி, பார்க்கிற வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கப் போகிறேன் என்கிறான். அந்த 20 டாலர் கதை உண்மையா, டிவிக்காரர்கள் கட்டிவிட்டதா?

– கே.எஸ்., திருப்பூர்

அன்புள்ள கே.எஸ்.,

கதை உண்மைதான். ஆனால் அந்த 20 டாலர் அவர் அப்பாவுடையது. யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துப் பேசிச் சிறைக்குப் போனவர் அந்த அப்பா. 1970இல் மனைவியோடும் சின்னப் பையனோடும் ஒரே ஒரு பெட்டியுடன் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் வந்து இறங்கினார். அப்புறம் டொராண்டோ, தொழிற்சாலை வேலை. ஒருநாள் வீடு தேடி வந்த விற்பனையாளர் 500 டாலர் வாக்குவம் கிளீனரை அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போனதை ஹெர்ஜாவெக் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது பல வாரக் கூலி.

மகனுடைய கதை வேறு. கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியமும் அரசியலும். லாஜிக்வெஸ்ட் என்ற நிறுவனம் ஐபிஎம் பெருங்கணினிகள் சம்பந்தப்பட்ட எமுலேஷன் போர்டுகளை (ஒரு கருவியை இன்னொன்றைப் போல இயங்க வைக்கும் மின்னணு அட்டைகள்) விற்றுக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு இவருக்குத் தகுதி போதாது. 'முதல் ஆறு மாதம் சம்பளமே வேண்டாம்' என்று சொல்லி உள்ளே நுழைந்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஹோட்டலில் சர்வர் வேலை. லாஜிக்வெஸ்டிலேயே பொது மேலாளர் வரை உயர்ந்தார். தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் பிடிபட்ட பிறகு, 1990இல்தான் வீட்டின் அடித்தளத்தில் பிராக் சிஸ்டம்ஸ் என்ற சொந்தக் கணினி நிறுவனத்தைத் தொடங்கினார். உங்கள் மகன் தாண்டிப்போகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2000இல் அதை ஏடி அண்ட் டி கனடா என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 3 கோடி டாலருக்கு மேல் விற்றார். இணைய நிறுவனப் பங்குகள் சரியத் தொடங்கிய வருடம் அது. வாங்கிய நிறுவனமே 2002இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியது. ஹெர்ஜாவெக் இரண்டு வருடம் தாமதித்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்குமா? திறமையெல்லாம் சரி, இதை நான் அதிர்ஷ்டக் கணக்கில்தான் எழுதுவேன்.

2003இல் கணினிப் பாதுகாப்புக்கென்று ஹெர்ஜாவெக் குரூப். டிவி அதற்கும் பிறகுதான் வந்தது: 2006இல் இதே மாதிரியான கனடா நிகழ்ச்சி 'டிராகன்ஸ் டென்', 2009இல் 'ஷார்க் டேங்க்'. ஆக, அந்த முதலீட்டாளர் நாற்காலியில் உட்காரும்போதே அவர் நாற்பதைத் தாண்டிய பணக்காரர்.

இன்னொன்று, நாம் பத்து நிமிடத்தில் பார்க்கும் பேரம் படப்பிடிப்பில் வெகுநேரம் நடப்பது. கைகுலுக்கியதும் பணம் வந்துவிடாது. பிறகு கணக்கு வழக்கைச் சரிபார்க்கையில் கலைந்துபோகும் ஒப்பந்தங்கள் ஏராளம்.

மகன் தொழில் தொடங்கட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் என்ன தொழில், சரக்கை யார் வாங்குவார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே. அவரிடம் கேட்டு எழுதுங்கள்.