மவுஸ் அம்பு துடித்தால் ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. சில வாரங்களாக மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நீல வளையம் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கிறது. கையை எடுத்துவிட்டாலும் அம்பு துடித்துக்கொண்டே இருக்கிறது. டைப் செய்யும்போது நடுவில் சில எழுத்துகள் விழுவதில்லை. புது மவுஸ் வாங்கி மாட்டியும் பலன் இல்லை. கடையில் காட்டினால், ஃபார்மேட் செய்துவிடலாம் என்கிறார்கள். குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. வேறு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஃபார்மேட் செய்ய இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். எது எப்படியானாலும் புகைப்படங்களை முதலில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்து வைத்துவிடுங்கள். அந்த வேலை முடிந்த பிறகு நிதானமாகத் தேடலாம்.

நீல வளையம் என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது பெரிய உதவி. ஏதாவது ஒரு நிரல் புதிதாகத் திறக்கத் தொடங்கும்போது, அது தயாராகும்வரை விண்டோஸ் அம்புக்குப் பக்கத்தில் அந்த வளையத்தைக் காட்டும். நீங்கள் எதையும் திறக்காதபோது வளையம் வந்து வந்து போகிறது என்றால், பின்னணியில் ஏதோ ஒரு நிரல் தானாகத் தொடங்கி, ஏதோ காரணத்தால் நின்றுபோய், மறுபடியும் தொடங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் அது ஒரு கணம் விசைப்பலகையின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் எழுத்துகள் விடுபடுகின்றன. மவுஸில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால்தான் புது மவுஸும் உதவவில்லை.

அந்த நிரல் எது என்று கண்டுபிடிக்க, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருக்கமான வடிவில் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்கி, பிறகு மேலே 'டீடெய்ல்ஸ்' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் பெயருக்கும் அருகில் பி.ஐ.டி. என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் இருக்கும். நிரல் ஓடும்வரை அந்த எண் மாறாது. நின்று மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் வேறு எண் கிடைக்கும். எனவே பட்டியலைப் பெயர் வரிசையில் வைத்துவிட்டு, கை வைக்காமல் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள். வளையம் தோன்றும் அதே நேரத்தில் ஒரு பெயர் முளைத்து மறைவதையோ, ஒரே பெயருக்கு எதிரே எண் மாறிக்கொண்டே போவதையோ கண்டால், குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அந்தப் பெயரின் மேல் வலது பக்கச் சொடுக்கு செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது இருக்கும் ஃபோல்டர் திறக்கும்; பெரும்பாலும் ஃபோல்டரின் பெயரே அது எந்த மென்பொருளைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும்.

வீட்டுக் கணினிகளில் இப்படி அடிக்கடி அகப்படுபவை சில உண்டு. பழைய பிரிண்டரை எப்போதோ கழற்றிவிட்டிருப்போம். அதன் மை அளவைக் கண்காணிக்கும் நிரல் மட்டும் கணினியிலேயே தங்கி, இல்லாத பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். புதுப்பிப்பைத் தேடும் நிரல் ஒன்று தன் சர்வரை எட்ட முடியாமல் திரும்பத் திரும்ப முயலும். சில மடிக்கணினிகளில் கைரேகை பதியும் கருவியின் மென்பொருள் இதே வேலையைச் செய்யும். கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் பயோமெட்ரிக் கருவிகள் என்ற தலைப்பின் கீழ் அதைத் தற்காலிகமாக முடக்கினாலே வளையம் நின்றுவிடுவதைப் பார்க்கலாம். உங்களுக்குத் தேவைப்படாத மென்பொருள் என்றால், கண்ட்ரோல் பேனலுக்குச் சென்று முறையாக நீக்கிவிடுங்கள். தேவைப்படுவது என்றால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கி நிறுவுங்கள். ஃபோல்டரின் பெயர் பொருளற்ற எழுத்துக் கோவையாக இருந்து, நீங்கள் நிறுவியதாக நினைவே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். கணினி தானாக மறுதொடக்கமாகி, சுமார் 15 நிமிடங்களில் சோதித்து முடிக்கும்.

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' (msconfig) என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். அதில் பின்னணியில் ஓடும் சேவைகளைப் பட்டியலிடும் சர்வீசஸ் பகுதியில், மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தை முதலில் டிக் செய்யுங்கள்; இதை மறந்துவிட்டு மற்றவற்றில் கை வைத்தால் விண்டோஸுக்கே தேவையானவை நின்றுபோகும் என்பதால் இந்த வரிசை மிக முக்கியம். பிறகு எஞ்சியிருப்பவற்றில் பாதியை மட்டும் நிறுத்தி, கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். துடிப்பு நின்றால் காரணம் நிறுத்திய பாதியில் இருக்கிறது. தொடர்ந்தால் மறு பாதியில் இருக்கக்கூடும். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நீளமான பட்டியலும் சில மறுதொடக்கங்களில் ஒரே பெயரில் வந்து நிற்கும். கண்டுபிடித்ததும் மற்ற எல்லாவற்றையும் பழையபடி இயக்கிவிடுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும் என்பதால், சோதனை முடியும்வரை இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பது நல்லது.

ஒரு செய்தி சேர்த்துச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வழக்கமாக அனுப்புவதை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. இந்தக் கோளாறுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், வங்கி வேலைகளுக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அடுத்து என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு வளையம் எதுவும் வருவதில்லை. அம்புதான் மினுங்குகிறது, சில சமயம் முழுவதுமாக மறைந்து மீண்டும் வருகிறது. திரையில் மற்றவை எல்லாம் அசையாமல் தெளிவாக இருக்கின்றன. இது எப்படிச் சாத்தியம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: திரையில் மற்ற எல்லாம் ஒரே படமாக வரையப்படும்போது, அம்பை மட்டும் கிராஃபிக்ஸ் சிப் தனியாக வைத்திருந்து, படம் மானிட்டருக்குப் போகும் கட்டத்தில் மேலே பொருத்தி அனுப்புவது வழக்கம். அதனால் மற்றவை சரியாக இருக்க அம்பு மட்டும் கெட்டுப்போவது சாத்தியமே. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரின் மேல்தான்.

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒரு கணம் கருத்துத் திரும்பும். டிரைவர் மறுபடியும் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சற்று நேரம் சரியாக இருந்து பிறகு மினுங்கல் திரும்பினால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டரின் பண்புகளைத் திறந்து, டிரைவர் பகுதியில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானைப் பாருங்கள். அண்மையில் ஏதேனும் புதுப்பிப்பு வந்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் இதிலேயே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம். பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு கணினியில் இல்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். குரோமில் மட்டும் மினுங்குகிறது என்றால் டிரைவரைத் தொடுவதற்கு முன், குரோமின் அமைப்புகளில் சிஸ்டம் பகுதியில் உள்ள கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனை நிறுத்திப் பாருங்கள். இரண்டு மானிட்டர்கள் வைத்திருந்தால் இரண்டின் ரெஃப்ரெஷ் ரேட்டையும் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) ஒரே அளவில் வைத்துச் சோதியுங்கள்.

டைப் செய்யும்போது மட்டுமே அம்பு மறைகிறது என்றால் அது கோளாறு அன்று. மவுஸ் அமைப்புகளில் பாயின்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

கேள்வி: மடிக்கணினியைச் சார்ஜில் போட்டால் டச்பேடில் அம்பு நடுங்குகிறது, தானாகத் தாவுகிறது. சார்ஜரைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது. என்ன காரணம்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் மாறும் மிகச் சிறிய அளவை வைத்துத்தான் டச்பேடு விரலின் இடத்தை அறிகிறது. சார்ஜர் வழியாக வரும் மின் இரைச்சல் அந்த அளவைக் குழப்பிவிடுகிறது. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா, எர்த் கம்பியே இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உலோக உடல் கொண்ட மடிக்கணினியில் கை வைக்கும்போது லேசாகக் கூச்சம் போல் உணர்ந்தால் எர்த் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி. சுவரில் உள்ள மூன்று பின் பிளக் பாயின்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அங்கும் நடுங்கினால், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த பாயின்டுக்கு எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இது உங்கள் பாதுகாப்புக்கான விஷயமும்கூட. எர்த் சரியாக இருந்தும் நடுங்கினால், தயாரிப்பாளரின் அசல் சார்ஜரைக் கடன் வாங்கியாவது ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

சார்ஜர் இல்லாதபோதும் அம்பு தாவத் தொடங்கினால், டச்பேடு மேலெழும்பியிருக்கிறதா, அழுத்துவதற்குக் கடினமாகிவிட்டதா என்று தடவிப் பாருங்கள். அடியில் உள்ள பேட்டரி உப்பினால் அது டச்பேடை மேலே தள்ளும். அப்படி இருந்தால் உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், பேட்டரியை நீங்களே கழற்ற முயலாமல், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.